மாத்திரை மீது கோபமா, மாத்திரை முதலாளி மீது கோபமா?

(பெரம்பலூர், அரியலூர் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் பைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைக்கிறவன் வீட்டிலும், வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி எடுக்கிறவள் வீட்டிலும், அரியலூர் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவன் வீட்டிலும் இந்த நோய் இருக்கிறது. பெரிய வீட்டில் வந்தால் அது மாடி அறைக்குள் அடங்கிவிடுகிறது. நம் வீட்டில் வந்தால் தெருவுக்கு வந்துவிடுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் உட்கார்ந்தால் அன்றைக்கு ஒரு கூலி போச்சு. இது கூலிப் பிரச்னை இல்லையா?

2015-16-ல் மத்திய சர்க்கார் பன்னிரண்டு ராஜ்யங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல், 10.6 சதவிகிதம், ஏதோ ஒருவகை மனக்கோளாறோடு இருக்கிறார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. அவர்களில் வைத்தியம் பெறாதவர்கள் நோய்க்கு ஏற்றபடி 70-லிருந்து 92 சதவிகிதம்! ஆயிரம் பேர் வயது வந்தவர்கள் உள்ள ஒரு கிராமத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு மேல் நோயுண்டு. அவர்களில் வைத்தியரை எட்டியவர்கள் முப்பத்திரண்டு பேரைத் தாண்டமாட்டார்கள்.

ஏன் எட்டவில்லை? ஜனங்கள் மூடர்கள், பேய் பிசாசை நம்புகிறவர்கள், அதனால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று படித்த கனவான்கள் பதில் சொல்லுகிறார்கள். நாம் இதை ஏற்கவில்லை. அவநம்பிக்கைக்குப் பாதிக் காரணம் மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்ளுவோம். மற்றப் பாதிக்குக் காரணம் அனுபவம். அந்த அனுபவத்தைத்தான் இன்று கொஞ்சம் கிளறிப் பார்க்கவேண்டும்.

சென்னையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி, 1794-ல். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1912-ல் வெள்ளைக்காரன் போட்ட பைத்தியக்காரர் சட்டம், சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் ஆன பிறகும் இந்த நாட்டை ஆண்டது. 1987-ல்தான் புதுச் சட்டம் இயற்றினார்கள். அந்தப் பழைய சட்டத்தின் கவலை நோயாளியின் சுகம் அல்ல. அவனை எந்த மாஜிஸ்திரேட் உத்தரவில் உள்ளே தள்ளுவது என்பதுதான். சினிமாக்காரன் சிரிப்புக் காட்ட 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒரே சொல் போதும் என்று ஆயிற்று. அந்தச் சொல்லுக்குப் பயந்து பெண்ணின் நோயைக் கல்யாணம் ஆகும்வரை மறைத்த குடும்பங்கள் எத்தனை!

மனோவைத்தியம் ஆள்கிறவர்களின் கைத்தடியாக இருந்ததும் உண்டு. அமெரிக்காவில் 1851-ல் கார்ட்ரைட் என்ற ஒரு டாக்டர், பண்ணையை விட்டு ஓடிப்போகும் நீக்ரோ அடிமைகளுக்கு ஒருவகை மனநோய் இருப்பதாகக் கண்டுபிடித்து அதற்குப் பெயரும் வைத்தான். தப்பி ஓடுவது நோயாம்! சவுக்கடிதான் மருந்தாம்! நம் பக்கத்துப் பண்ணையார்கள் அந்தப் பெயரை அறிந்திருந்தால் பண்ணையாள் ஒவ்வொருவனுக்கும் அதைச் சூட்டியிருப்பார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விடுவது நமக்கு அழகல்ல. சோவியத் நாட்டிலும் அரசாங்கத்தோடு மாறுபட்ட சிலரை மனநோயாளி என்று முத்திரை குத்தி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். உலக மனோவைத்தியர் சங்கத்தில் இது பெரும் விவகாரமாகி, 1983-ல் சோவியத் சங்கம் அதிலிருந்து விலகிக்கொண்டது. யார் செய்தாலும் தவறு தவறுதான்.

ஆஸ்பத்திரியை நம்பாத ஜனங்கள் எங்கே போனார்கள்? நமக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் குணசீலம் இருக்கிறது. புத்தி பேதலித்தவர்களை அழைத்துப்போய் 48 நாள் தங்கவைத்து, முகத்தில் தீர்த்தம் தெளிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. 2002-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில், தென்னிந்தியக் கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைப் பற்றி நம் நாட்டு மனோவைத்தியர்களே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மருந்தில்லாமலேயே அவர்களுடைய நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன. அங்கே நோயாளிகளை அடிக்கவில்லை, விரட்டவில்லை, உறவினர் ஒருவர் கூடவே இருந்தார், சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் செய்ததும் இதுபோன்ற காரியந்தான். ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்து நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். மேல்நாட்டார் வியந்து பார்த்தார்கள். பரிவு என்பது பாதி மருந்து. ஆனால் பாதிதான்.

ஏர்வாடியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்கா பக்கத்திலிருந்த தனியார் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தர்கா கொல்லவில்லை, தோழர்களே. அங்கே வந்தவர்களின் துயரத்தை வியாபாரமாக்கியவர்களும், அதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்த சர்க்காருந்தான் பொறுப்பு. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் ராஜ்யங்களெல்லாம் விழித்துக்கொண்டன. அதே ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க சர்க்கார் வைத்தியம் பிற்பாடு ஏற்பாடாயிற்று. இருபத்தெட்டு உயிர் போவதற்கு முன்னால் ஏற்பாடாகியிருக்கக்கூடாதா?

இனி மருந்துக்கு வருவோம்.

1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியம் உப்பை வெறிநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். 1952-ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்புரோமசைனைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் எழுந்து பேசினார்கள். இதற்கெல்லாம் முன்னால், 1931-ல் வங்காளத்தில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் பைத்தியத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் குணம் தருகிறது என்று எழுதினார்கள். எழுதி என்ன? 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பைன் என்ற சத்தைப் பிரித்து எடுத்தது. வேர் நம்முடையது, புட்டியின் மேல் பெயர் அவர்களுடையது!

விஞ்ஞானம் இப்படிப் பிறந்தது. அது முதலாளியின் கைக்குப் போன பிறகு நடந்த கதையைக் கேளுங்கள்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மண், ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். ஒன்றில் புது விதை, மற்றதில் பழைய விதை. விளைச்சலை நிறுத்துப் பார்க்கிறார்கள். மனிதர்களிடமும் அப்படித்தான். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுக்கிறவருக்கும் தெரியாது, தின்கிறவருக்கும் தெரியாது. நேர்மையான முறை. ஆனால் தராசு யார் கையில்? கரும்பு போடுகிறவனுக்கு நாம் சொல்லித்தரவேண்டியதில்லை. எடைமேடை ஆலைக்காரன் கையில் இருந்தால், வண்டியைப் பார்த்தவுடன் முள் நடுங்கும்!

அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு விற்ற 12 மருந்துகளைப் பற்றி, மருந்து அனுமதி இலாகாவில் பதிவான 74 பரிசோதனைகளை ஆராய்ச்சியாளர்கள் தேடி எடுத்து 2008-ல் கணக்கை வெளியிட்டார்கள். 38 பரிசோதனைகள் மருந்துக்குச் சாதகம். அவற்றில் 37 பத்திரிகைகளில் வெளிவந்தன. பாக்கி 36 சாதகமல்ல, அல்லது சந்தேகம். இவற்றில் உள்ளபடி வெளிவந்தவை எத்தனை? மூன்று! 22 வெளிவரவே இல்லை. 11, தோற்றதை ஜெயித்ததாக எழுதி வெளிவந்தன. பத்திரிகையை மட்டும் படிக்கிற டாக்டருக்கு நூற்றுக்கு 94 வெற்றி என்று தோன்றும். நிஜத்தில் பாதிக்குச் சற்று மேல். இதே ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்லிற்று, அதை மறந்துவிடக்கூடாது: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த மருந்துகள் வெறும் மாத்திரையைவிடக் கொஞ்சம் மேல்தான். மருந்து முழுப் பொய்யல்ல. எடையைக் கூட்டிக் காட்டினார்கள்.

கூட்டிக் காட்டியதோடு நின்றார்களா? கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனி பராக்ஸெட்டின் என்ற மருந்தைப் பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு நல்லது என்று 2001-ல் ஒரு கட்டுரை வரவழைத்தது. 2012-ல் இது உள்படப் பல குற்றங்களுக்காக அமெரிக்க சர்க்காருக்கு 300 கோடி டாலர் கட்டியது. 2015-ல் வேறு விஞ்ஞானிகள் அதே பரிசோதனையின் பழைய தாள்களை வாங்கிப் புரட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து பலன் தரவில்லை, கெடுதலும் செய்தது என்று கண்டார்கள். ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனி ரிஸ்பெரிடோன் முதலிய மருந்துகளை அனுமதியில்லாத காரியங்களுக்கு விற்ற வழக்கில் 2013-ல் 220 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அபராதத்தை வியாபாரச் செலவில் எழுதிக்கொண்டு கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ரிஸ்பெரிடோன் விவகாரத்தில் நம் நாடும் உண்டு. கடுமையான வெறிநோய் பிடித்தவர்களை வைத்து இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் பரிசோதனை நடத்தி, அதன் முடிவை 2005-ல் பிரிட்டிஷ் மனோவைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சுமார் 290 நோயாளிகள். மூன்று வாரம். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை. வெறிநோய்க்குக் குணம் தரும் மருந்துகள் ஏற்கனவே இருக்கையில், புத்தி தடுமாறிக் கிடப்பவனுக்கு மருந்தில்லாத மாத்திரையைக் கொடுப்பது தர்மமா, அவன் கொடுத்த சம்மதம் சம்மதந்தானா என்று மற்ற வைத்தியர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்த சம்மதம் இருந்தது என்றுதான் நடத்தியவர்கள் சொன்னார்கள். பெருவிரல் ரேகை வைத்துப் பழகிய நமக்குச் சம்மதம் என்றால் என்ன என்று தெரியும்!

இவ்வளவும் கேட்ட பிறகு, மாத்திரையைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் என்று தோன்றும். அங்கேதான் நாம் நிற்கவேண்டும், தோழர்களே.

பூச்சிமருந்துக் கம்பெனி கொள்ளையடிக்கிறது என்பதற்காகப் பருத்தியில் புழு இல்லை என்று சொல்லுவோமா? புத்தி பேதலிக்கும் பெருநோயை, சிஸோபிரினியா என்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கலந்துகொண்ட 65 பரிசோதனைகளைச் சேர்த்து 2012-ல் ஒரு கணக்கு வந்தது. மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 27. நிறுத்தி வெறும் மாத்திரைக்கு மாறியவர்களில் 64. இந்த வித்தியாசத்தை எந்தக் கம்பெனி விளம்பரமும் ஏற்படுத்த முடியாது. மனச்சோர்வில் பலன் இதைவிடச் சிறிது; மூளையில் செரட்டோனின் என்ற சத்து குறைந்துவிட்டது, அதை மாத்திரை நிரப்புகிறது என்று கம்பெனிகள் பரப்பிய கதைக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கதை பொய்யானாலும், கடுஞ்சோர்வில் படுத்துவிட்ட சிலரை மருந்து எழுப்பத்தான் செய்கிறது. எந்த நோய்க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கடன்காரி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது தூக்கம் வராமல் தவிக்கும் பெண்ணுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால், வாசலில் இருப்பவள் எழுந்து போய்விடுவாளா?

நம்மவர்கள் மருந்தை நிறுத்துவதற்கு மூடத்தனம் காரணமில்லை. கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது, எச்சில் வடிகிறது, பகலெல்லாம் தூக்கம். சுரங்கத்தில் இயந்திரத்தின் பக்கத்தில் தூங்கி விழுகிறவனை மேஸ்திரி வைத்துக்கொள்ளுவானா? சில புது மருந்துகளில் உடம்பு பெருக்கிறது, சர்க்கரை வியாதி வருகிறது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி உண்டு. மளமளவென்று சீட்டு எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுகிற இடத்தில் எங்கே சொல்லுவது?

வெயிலைப் பற்றி ஒரு முக்கியமான சங்கதி. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மருந்து எழுதுகிறவர்கள் பல பேருக்கு இது நினைவு வருவதில்லை. லித்தியம் சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் வியர்வை கொட்டக்கொட்ட வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால், ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். வாந்தி, பேதி, கடுமையான நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதனால்தான் இந்த மருந்துக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். குளோர்புரோமசைன் சாப்பிட்டால் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துபோகும். நடுக்கத்துக்காகக் கூடவே கொடுக்கிற டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையை அடக்கி உடம்புச் சூட்டை ஏற்றிவிடும். இதைக் கேட்டுப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. "நான் வெயிலில் கல் வெட்டுகிறவன், களை பறிக்கிறவள்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மருந்து மட்டும் போதாது என்பதை நம் நாட்டு ஆராய்ச்சியே நிரூபித்திருக்கிறது. கோவாவில் பெரிய பட்டம் இல்லாத சாதாரண ஆட்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். பாதிப்பேரிடம் அந்த ஆட்கள் உட்கார்ந்து முறையாகப் பேசினார்கள். 2017-ல் முடிவு வந்தது. அவர்களில் மூன்று மாதத்தில் தேறியவர்கள் நூற்றுக்கு 64. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39. சிஸோபிரினியா நோயாளிகளின் வீடுகளுக்குச் சமூக ஊழியர்கள் போய்வந்த இன்னொரு பரிசோதனை, 282 பேரிடம், கோவாவிலும் மராட்டியத்திலும் நம் தமிழ்நாட்டிலும் நடந்தது. 2014-ல் வெளிவந்த முடிவில், மருந்தோடு இந்தத் துணையும் சேர்ந்தபோது சற்று அதிக நன்மை தெரிந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய ஸ்கார்ப் ஸ்தாபனம் இதில் பங்குகொண்டது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி அவர், 2021-ல் காலமானார். அந்த ஊழியர் வேலையை நம் தெருப் பெண்கள் செய்யமாட்டார்களா? பழக்கிவிட்டு ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் செய்வார்கள். 'கௌரவ ஊதியம்' என்று சொல்லிச் சில்லறை கொடுத்தால் அது இன்னொரு சுரண்டல்.

1996-ல் மத்திய சர்க்கார் ஜில்லா மனநலத் திட்டத்தை நான்கே ஜில்லாக்களில் தொடங்கியபோது அவற்றில் திருச்சியும் ஒன்று. அதற்கு முந்திய வருஷந்தான் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2007-ல் நிலையான தனி ஜில்லாவாயிற்று. இன்று திட்டம் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறது. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக, மலிவாக வாங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க வழி செய்கிறது. பொதுத்துறையால் என்ன செய்யமுடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-லிருந்து அமலில் உள்ளது. சங்கிலி போடுவது சட்டவிரோதம். மயக்க மருந்தில்லாமல் மின்சார அதிர்ச்சி கொடுப்பது சட்டவிரோதம். நோயாளிக்குத் தன் வைத்தியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சர்க்கார் இடங்களில் வைத்தியம் இலவசம். சம்மதமில்லாமல் யாரையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்தக்கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக்கூடாது, பராமரிக்கவேண்டும். ராத்திரி பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். இந்த ஏற்பாடு 2022-ல் வந்தது. எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லி வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவையுங்கள்.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆண்டிமடத்திலிருந்தும் செந்துறையிலிருந்தும் மாத்திரைக்காக ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் ஆகின்றன. ஆகவே இரண்டு ஜில்லாக் கலெக்டர்களிடமும் கொடுக்கப்போகும் மனுவில் இவற்றை எழுதியிருக்கிறோம்: மனநோய் மாத்திரைகள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும். மனோவைத்தியர் வட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட கிழமையில் வரவேண்டும். லித்தியத்துக்கான ரத்தப் பரிசோதனை ஜில்லாவுக்குள்ளேயே நடக்கவேண்டும். நோயாளியை அழைத்துவருகிறவருக்கு நூறுநாள் வேலையில் அன்றைய கூலியைப் பிடிக்கக்கூடாது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரை வேலையைவிட்டு நிறுத்தாமல், இயந்திரம் இல்லாத, நிழலுள்ள வேலைக்கு மாற்றவேண்டும். கையெழுத்துத் தாள்கள் இந்த மேஜைமேல் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைப்பதற்கு முன்னால், என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரையாவது முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.